கீமோ என்றால் கைவிட்டதாக அர்த்தமா?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர்களிடம் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது: கீமோ என்றால் கடைசிக் கட்டம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு "முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன்" என்று டாக்டர் சொன்னால் போதும், "கைவிட்டுட்டாங்க" என்று திருநெல்வேலிக்குப் போன் பறக்கிறது. பரேலில் டாடா ஆஸ்பத்திரி வரை போனவரைக்கூட, உடனே வெட்டி எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போக உறவினர்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால், ஸ்கேனுக்குத் தெரியாத புற்றணுக்கள் அதற்குள் வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். கத்தி பையை எடுக்கும், அவற்றை எட்டாது. பையை எடுத்த பிறகும் சுமார் பாதிப் பேருக்கு நோய் திரும்புவது அதனால்தான். கீமோ உடம்பு முழுக்கப் போகும்.

அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. நேரே ஆபரேஷனுக்குப் போனவர்களில் பாதிப் பேர் 46 மாதங்களைத் தாண்டினார்கள். மூன்று சுற்று கீமோவுக்குப் பின் போனவர்களில் பாதிப் பேர் 77 மாதங்களைத் தாண்டினார்கள். எடுத்த பையில் புற்றே மிஞ்சாதவர்கள் முதல் அணியில் 15 சதவீதம், இரண்டாம் அணியில் 38 சதவீதம். ஒரே ஆய்வை நம்ப வேண்டாம் என்பீர்களானால், சுமார் 3,000 பேர் இடம்பெற்ற 11 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் பார்த்தார்கள்: ஐந்தாண்டு உயிரோடிருப்போர் நூற்றுக்கு 45-லிருந்து 50 ஆனார்கள். அற்புதம் இல்லை. ஆனால் அந்த ஐவரில் ஒருவர் உங்கள் அப்பாவாக இருக்கலாம்.

"ஆபரேஷன் முடிந்து கொடுத்தால் ஆகாதா?" பையை எடுத்து, குடலின் ஒரு துண்டால் சிறுநீருக்கு வழி செய்யும் பெரிய ஆபரேஷன் அது. அதன்பின் உடம்பு தேறாமல், சிறுநீரகம் தளர்ந்து, கீமோவின் முக்கிய மருந்தான சிஸ்பிளாட்டினைத் தாங்க முடியாமல் போகிறவர்கள் பலர். சிறுநீரகம் முன்பே பழுதானவர்களுக்கும் அந்த மருந்து ஒத்துவராது. நேரே ஆபரேஷன் என்பது அவர்களுக்குச் சரி.

"கீமோவால் ஆபரேஷன் தள்ளிப்போகாதா?" தாமதம் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தாமதம் எங்கே நடந்தது? வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனபோது, "சூடு" என்று இளநீரும் பார்லித் தண்ணியும் குடித்து, பீடியையும் விடாமல் மாதங்களைத் தள்ளினோமே, அங்கே. அப்போது நோய் தடையின்றி வளர்ந்தது. கீமோ நடக்கும் மாதங்களில் சிகிச்சை தொடங்கியாகிவிட்டது.

ஆகவே டாக்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கட்டி தசைக்குள் இறங்கியிருக்கிறதா? நோயாளியின் சிறுநீரகம் சிஸ்பிளாட்டினைத் தாங்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால், ஊரார் பேச்சுக்காகக் கீமோவைத் தட்டிக்கழிக்காதீர்கள்.