தூரம் காப்பாற்றாது

துருவப் பனி உருகுகிறது என்றால் நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "அது எங்கேயோ உருகுது, அங்கே இருக்கிறவன் கவலைப்படட்டும்." படித்தவர்கள் இதையே மெருகேற்றிச் சொல்வார்கள். கடல் ஒரு தொட்டி, எந்த மூலையில் தண்ணீர் ஊற்றினாலும் எங்கும் ஒரே அளவுதான் ஏறும், ஆண்டுக்கு நாலு மில்லிமீட்டர்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவதுதான் அதிகம் ஏமாற்றும், கேட்பதற்கு அறிவியல் போலவே இருப்பதால்.

கடல் தொட்டி அல்ல. கிரீன்லாந்தின் பனிப்படலம் சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் தடிமன். அத்தனை பெரிய பாரத்துக்கு ஈர்ப்பு உண்டு. சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரையக் கரைய அந்தப் பிடி தளர்கிறது, நீர் விலகிப் போகிறது. சுமை இறங்கிய பாறைத்தரையும் மெல்ல மேலே எழுகிறது. எனவே கிரீன்லாந்து இழக்கும் பனியால் அதன் கரையோரக் கடல் ஏறுவதில்லை, தாழ்கிறது. ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தொலைவு வரை இந்தத் தாழ்வுதான். அதைத் தாண்டினால் ஏற்றம். 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் உலகச் சராசரியையும் மிஞ்சிய ஏற்றம். (கிரீன்லாந்துக்காரர்கள் பிழைத்தார்கள் என்று எண்ண வேண்டாம். நாய் பூட்டிய சறுக்குவண்டி ஓடிய கடற்பனி மெலிந்து, அவர்களுடைய வேட்டைப் பாதைகளே அறுபடுகின்றன.)

இது நேற்று முளைத்த ஊகமும் அல்ல. பனிப் பாறைகளின் ஈர்ப்பு கடல்மட்டத்தை எப்படி வளைக்கும் என்று ராபர்ட் வுட்வர்ட் 1888இலேயே கணக்கிட்டு எழுதிவிட்டார். கடல் ஏறும் வேகம் ஊருக்கு ஊர் வேறுபடுவதை வைத்து, எந்தப் பனி உருகுகிறது என்று 2001இல் ஜெர்ரி மிட்ரோவிகாவின் குழு துப்புத் துலக்கியது.

"எல்லாம் கணினிக் கணக்கு" என்று கைகழுவுகிறவர்களுக்கு கிரேஸ் செயற்கைக்கோள்களைக் காட்டலாம். 2002இல் ஏவப்பட்ட இந்த இரட்டையர் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே பாரம் கூடிய இடம் வந்தால் முன்னே போவது சற்று இழுபடும், இடைவெளி மாறும். தலைமுடியைவிட நுண்ணிய அந்த மாற்றத்தை அளந்துதான் பனியை எடை போட்டார்கள். கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன்னை ஒட்டி இழந்துவருகிறது. உலகக் கடல் முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் உயர்த்த ஏறத்தாழ 36,000 கோடி டன் போதும்.

தென்முனையில் நிலவரம் இன்னும் கவலைக்குரியது. மேற்கு அண்டார்க்டிகாவின் த்வைட்ஸ் பனியாறு ஒன்றே முழுதாகக் கரைந்தால் கடல் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் ஏறும். 2020 சனவரியில் ஆய்வாளர்கள் அங்கே வெந்நீரைப் பீய்ச்சி, அறுநூறு மீட்டர் அளவுக்குப் பனியைத் துளைத்து, ஐஸ்ஃபின் என்ற ஒல்லியான நீர்மூழ்கி ரோபோவை இறக்கினார்கள். தட்டையான அடிப்பரப்பில் உருகல் மெதுவாகவும், வெடிப்புகளிலும் படிக்கட்டுபோன்ற சரிவுகளிலும் விரைவாகவும் நடப்பதை அது காட்டிக்கொடுத்தது. கொட்டும் குளிரில் கூடாரமடித்து அவர்கள் சேகரித்ததை, "அங்கே" நடக்கும் சங்கதி என்று நாம் புரட்டிவிட்டுப் போகிறோம்.

நெதர்லாந்துக்காரர்கள் அப்படிப் புரட்டுவதில்லை. கிரீன்லாந்து அவர்களுக்குக் கிட்ட. அதன் உருகலில் அவர்கள் பங்குக்கு வருவது சொற்பம். ஆகவே பூமியின் மறுகோடியில் இருக்கும் அண்டார்க்டிகாவைத்தான் அவர்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறார்கள். சென்னைக்கு அந்தப் பாதித் தள்ளுபடியும் கிடையாது. கிரீன்லாந்தின் நடுப்பகுதி இங்கிருந்து 9,000 கிலோமீட்டருக்கு மேல், த்வைட்ஸ் 13,000 கிலோமீட்டரை ஒட்டி. இரண்டு கணக்கிலும் நமக்கு விழுவது சராசரிக்கு மேற்பட்ட பங்கு.