அந்த ரெண்டு பெட்டி

திருப்பாலைக்குடியில் மாமா வீட்டுக்குப் போனால் நண்டுக் குழம்பு நிச்சயம். கூடவே ஒரு கேள்வியும் நிச்சயம்.

"மாப்ள, ஆபீஸ்ல நீ என்னதான் பண்றே?"

"டிரைவருக்கு டெஸ்ட் வைக்கிறேன் மாமா."

"லைசென்ஸ் குடுக்கிற வேலையா?" என்றார். உள்ளே அத்தை சிரித்தது கேட்டது. யோசித்துப் பார்த்தால் மாமா சொன்னதில் பெரிய தப்பில்லை. கம்ப்யூட்டரில் கெர்னல்தான் முதலாளி, டிஸ்க் குடோன். நடுவில் சரக்கை ஏற்றி இறக்குகிற புரோகிராமுக்குப் பெயர் டிரைவர். நீங்கள் 'சேவ்' அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள். மிச்சம் அவர் பாடு.

2018 அக்டோபரில் லினக்ஸ் கெர்னல் 4.19 வெளிவந்தது. கொஞ்ச நாளில் சில பேருடைய ஃபைல்கள் கந்தல். எல்லோரும் எக்ஸ்ட்4 என்கிற ஃபைல் சிஸ்டத்தின் மேல் பழி போட்டார்கள். அதைப் பராமரிக்கும் தியோடர் ட்ஸோ டெஸ்ட் மேல் டெஸ்ட் ஓட்டிப் பார்த்தார். தப்பு தலைகாட்டவே இல்லை. டிசம்பரில் பிடிபட்டபோதுதான் தெரிந்தது, கோளாறு அவர் வீட்டிலேயே இல்லை, கீழ் போர்ஷனில்!

என்ன கோளாறு என்று மாமாவுக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன்.

"பத்துப் பெட்டி நண்டு ஏத்தணும்னு நேரா வேன்காரர்கிட்ட சீட்டு குடுக்கறீங்க. அவரும் பத்துப் பெட்டியைக் குறிச்சுக்கிட்டு, 'இப்ப இடமில்லை, அடுத்த நடையில பாக்கலாம்'ங்கறார். சீட்டு வரிசைக்குப் போயிருது. அதுக்குள்ள அதே சீட்டுல இன்னும் ரெண்டு பெட்டியைச் சேர்த்துப் பன்னெண்டுன்னு திருத்திடறாங்க. வேன்காரர் திரும்பி வந்து சீட்டைப் பாக்கலை. முதல்ல குறிச்சு வச்ச பத்தை மட்டும் ஏத்திக்கிட்டுப் போயிட்டார்."

"அப்ப அந்த ரெண்டு பெட்டி?"

"கரையிலயே நிக்குது. கணக்குல மட்டும் பன்னெண்டும் போயாச்சு."

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ரெண்டு பெட்டி நண்டு என்றால் சும்மாவா!

வேன் காலியாக இருக்கிற நாளில் இந்தத் தப்பு நடக்கவே நடக்காது. டிரைவர் 'பிஸி' என்று கைவிரிக்க வேண்டும். விரித்த பிறகு அடுத்த வேலை வந்து பழைய வேலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் டெஸ்ட் பண்ணுகிறவன் வேண்டுமென்றே கூட்டத்தைக் கூட்டணும். இதற்கென்றே 'எஃப்ஐஓ' என்று ஒரு புரோகிராம் உண்டு. பல பேர் ஒரே நேரத்தில் டிஸ்கை மொய்ப்பது போல் எழுதும், படிக்கும். எழுதியவர் ஜென்ஸ் ஆக்ஸ்போ. மேலே சொன்ன கோளாறைச் சரிசெய்ததும் அவரேதான். 'ஸ்கஸி டீபக்' என்று இன்னொன்று. மெமரியில் ஒரு போலி டிஸ்க்கை உண்டாக்கி, நாம் கேட்டபடி 'பிஸி' சொல்லும், வேணும்னே சொதப்பும். நம்ம ஆபீஸ்களில் இதற்குத் தனியாக புரோகிராம் எழுத வேண்டியதில்லை.

ஆனால் கூட்டம் கூட்டினால் மட்டும் போதாது. ஒரு காலத்தில் நானும் ராத்திரி பூரா டிஸ்கைச் சூடேற்றிவிட்டு, காலையில் பெருமையாக 'பாஸ்' என்று ரிப்போர்ட் கொடுத்தவன்தான். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கிற ஆப்ஷன் எஃப்ஐஓவிலேயே இருக்கிறது. அதை நான் போடவே இல்லை. ஏழெட்டு ரிப்போர்ட் அப்படிப் போயிருக்கும். எத்தனை பெட்டி கரையில் நின்றதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். பிறகு ஒருநாள் எங்கள் சீனியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எழுதினதைப் படிச்சுப் பார்த்தியா?" காதெல்லாம் சூடாகிவிட்டது.

"சரி, அந்த ரெண்டு பெட்டி கடைசியில கிடைச்சுதா?" மாமா விடுவதாக இல்லை.

"4.19.8-ல சரிபண்ணிட்டாங்க மாமா. அதுக்கு முன்னாடி கெட்டது கெட்டதுதான். பேக்கப் வச்சிருந்தவங்க தப்பிச்சாங்க."

மாமா கை கழுவிவிட்டு வந்தார். செல்லை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"காலையில போன லோடு எத்தனை பெட்டிப்பா இறங்குச்சு?... ஏய், சீட்டைப் பார்த்துச் சொல்லாதே. போய் எண்ணிட்டு வந்து சொல்லு."