புயலில் நின்ற விமானம்: பணம் கிடைக்குமா?

அருவங்காட்டில் ஒரு குடும்பம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனைக் காணத் தாயும் தந்தையும் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்னூர் வழியாக மலை இறங்கி, கோவைக்குப் போய், சென்னைக்குப் பறந்து, அங்கே வேறு விமானம் ஏறவேண்டும். அந்த நேரம் பார்த்துப் புயல்! சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள்.

டிக்கெட் பணம் என்ன ஆகும்? ஓட்டல் செலவை யார் தருவார்கள்?

இப்படி நடக்குமா? நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு, வெள்ளத்தால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. 6-ந் தேதிதான் அங்கிருந்து பயணிகள் விமானங்கள் மீண்டும் பறந்தன. 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயலின்போதும் மூடினார்கள்.

யார் பொறுப்பு?

விமானத்தை ரத்து செய்தால், விமானக் கம்பெனி டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அல்லது வேறு விமானத்தில் இடம் தரவேண்டும். ஆனால் புயல், வெள்ளம் காரணம் என்றால் அதற்குமேல் நஷ்டஈடு கேட்கமுடியாது. இது இந்திய விதி.

மற்றச் செலவுகளுக்குத்தான் பயண இன்சூரன்சு. அதுவும் பாலிசியில் எழுதியிருந்தால்தான்!

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பாவில் பல நாள் விமானங்கள் நின்றன. "மோசமான வானிலைக்குப் பணம் உண்டு, சாம்பல் வானிலை ஆகாது" என்று சில இன்சூரன்சு கம்பெனிகள் கையை விரித்தன. ஒரு சொல்லால் வந்த தகராறு!

மலைப்பாதை அடைபட்டால்?

மலைவாசிகளுக்கு இன்னொரு தொல்லை. 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தனர். சாலையும் ரெயில் பாதையும் துண்டிக்கப்பட்டன.

அப்படிப் பாதை அடைபட்டு, கோவை விமானம் மட்டும் நேரத்துக்குப் பறந்துவிட்டால்? விமானம் ரத்தாகவில்லை, அதனால் டிக்கெட் பணமே போகலாம். "வழியில் மண்சரிவால் விமானத்தைத் தவறவிட்டால் பணம் உண்டா?" என்று பாலிசி வாங்கும் முன்பே கேளுங்கள்.

புயல் வருகிறது என்று அறிவித்த பிறகு பாலிசி எடுத்தால், பொதுவாக அந்தப் புயலுக்குப் பணம் தரமாட்டார்கள்.

என்ன செய்யவேண்டும்?

விமானம் ரத்து என்று தெரிந்ததும் இன்சூரன்சு கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். ரத்தான காரணத்தை விமானக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். டிக்கெட், ஓட்டல் ரசீது, சாப்பாட்டு ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள். சாலை அடைபட்டால் அதிகாரிகளின் அறிவிப்பையும் பத்திரிகைச் செய்தியையும் எடுத்து வையுங்கள். விமானக் கம்பெனி திருப்பித் தந்த பணத்தை இன்சூரன்சிலும் கேட்கக்கூடாது.

பணம் தர மறுத்தால் சோர்ந்துவிடவேண்டாம். முதலில் அந்தக் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னையில் உள்ள இன்சூரன்சு குறைதீர்ப்பாளரிடம் ஓர் ஆண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பெட்டி கட்டும் முன்பு பாலிசியைப் பிரியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாத இடத்தை விற்பவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்!