பழுப்பு நிலக்கரி மின்சாரம்: ஒரு நாட்டின் பாடம் இன்னொரு நாட்டுக்கு ஏன் தேவை?

நெய்வேலி, ஜெர்மனியின் ரைன்லாந்து, ஆஸ்திரேலியாவின் லாட்ரோப் பள்ளத்தாக்கு. மூன்று இடங்களிலும் கிடைப்பது ஒரே எரிபொருள்தான்: லிக்னைட் எனப்படும் பழுப்பு நிலக்கரி. இதை எரிக்கும் நாடுகள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வது ஏன் முக்கியம்? பார்க்கலாம்.

பழுப்பு நிலக்கரியில் என்ன சிக்கல்?

நெய்வேலி லிக்னைட்டில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர்தான். கப்பலில் ஏற்றி அனுப்பினால் கட்டுப்படியாகாது. அதனால் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மின் நிலையம் கட்டுகிறார்கள். ஈரமாக இருந்தாலும் எளிதில் தீப்பிடிக்கும். குவித்து வைத்தால் தானாகவே சூடேறும்.

ஜெர்மனி என்ன செய்தது?

ஈரத்தோடு எரித்தால் வெப்பத்தில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மின்சாரம் குறையும், புகை கூடும். நீடராஸம் மின் நிலையத்தில் லிக்னைட்டை முதலிலேயே உலர்த்தி, ஈரத்தை 50 சதவீதத்துக்கு மேலிருந்து சுமார் 12 சதவீதமாகக் குறைக்கும் முறையைச் சோதித்தார்கள். அங்குள்ள பெரிய யூனிட்டின் செயல்திறன் சுமார் 43 சதவீதம்.

ஆஸ்திரேலியா தரும் பாடம்?

2014 பிப்ரவரியில் ஹேசல்வுட் சுரங்கத்தில் பிடித்த தீ 45 நாள் எரிந்தது. பக்கத்து ஊரான மார்வெல் புகையில் திணறியது. வெட்டி முடித்த பகுதிதானே என்று விட்ட இடத்தில்தான் தீ பரவியது. அங்கே போதிய தீத்தடுப்பு இல்லை. பின்னர் நிறுவனத்துக்கு நீதிமன்றம் அபராதமும் விதித்தது.

நெய்வேலி நிலவரம்?

2020 மே 7-ல் இரண்டாம் அனல் மின் நிலையத்தின் 6-வது யூனிட்டில் பாய்லர் விபத்து. இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 1-ல் அதே நிலையத்தின் 5-வது யூனிட்டில் இன்னொன்று. இரண்டாவது விபத்தில் சம்பவ இடத்திலேயே 6 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களும் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் உண்டு. ஒரு யூனிட்டின் பாடம் பக்கத்து யூனிட்டுக்கே போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

அப்போ என்ன பகிர வேண்டும்?

செயல்திறன் கூடியதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். விபத்து எப்படி நடந்தது, எந்த எச்சரிக்கையைக் கவனிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் தயக்கம். ஆனால் உயிரைக் காப்பாற்றுவது அந்த இரண்டாவது வகைத் தகவல்தான். அது மேலதிகாரிகளின் கூட்டத்தோடு நின்றுவிடாமல், பாய்லர் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கு அவர் மொழியில் போய்ச் சேர வேண்டும்.

இப்போது ஏன் அவசரம்?

ஹேசல்வுட் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிடச் சட்டம் போட்டுவிட்டது. நிலையங்கள் மூடப்படும்போது அனுபவசாலிகளும் ஓய்வுபெற்றுப் போவார்கள். நெய்வேலியில் உலை இன்னும் எரிகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை, சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.