மண்குடமும் பொன்குடமும்

2021 செப்டம்பர் 1. டெக்ஸஸ் மாநிலத்தில் அன்று ஒரே நாளில் இரண்டு சட்டங்கள் அமலுக்கு வந்தன. ஒன்று, 21 வயது நிரம்பிய, துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத எவரும் லைசன்ஸ் எதுவும் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு தெருவில் நடக்கலாம் என்றது. இன்னொன்று, கருவில் இதயத்துடிப்பு தெரிய ஆரம்பித்த பிறகு, அதாவது ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு மேல், கருக்கலைப்பு கூடாது என்றது. உதவி செய்தவர் யாராக இருந்தாலும் அவர் மேல் முன்பின் தெரியாத ஒருவர்கூட வழக்குப் போடலாம். ஜெயித்தால் குறைந்தது 10,000 டாலர். இரண்டு சட்டத்திலும் கையெழுத்துப் போட்ட கவர்னர் ஒருவரே, கிரெக் அபாட்.

முதல் சட்டத்துக்குச் சொன்ன காரணம் சுதந்திரம். உரிமையைப் பயன்படுத்த அரசாங்கத்திடம் எதற்குப் பர்மிஷன் கேட்கணும்? நல்ல கேள்வி. அதே கேள்வியை இரண்டாவது சட்டத்திடம் கேட்டால் பதில் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

நான் டெக்ஸஸில் கோட் எழுதிப் பிழைப்பவன். இந்தத் தொழிலில் ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். ஒரே ஃபங்ஷனுக்கு ஒரே இன்புட் கொடுத்தால் ஒரே அவுட்புட் வரணும். வரலைன்னா உள்ளே எங்கேயோ எவனோ வெளியே தெரியாத ஒரு ‘இஃப்’ எழுதி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அமெரிக்க அரசியல் ‘சுதந்திரம்’ என்று சொல்லும் போதெல்லாம் எனக்கு அந்த ‘இஃப்’ நினைவுக்கு வருகிறது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இதுவரை குஷியாக இருந்திருக்கும், குடியரசுக் கட்சிக்காரன் மாட்டிக்கிட்டான் என்று. கொஞ்சம் பொறுங்கள். கருக்கலைப்புக்கு வரும் பெண் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று 2011ல் இதே டெக்ஸஸ் சட்டம் போட்டது. முற்போக்காளர்கள் கொதித்தார்கள். ‘யோசிக்காமலா வந்திருப்பாள்? வளர்ந்த பெண்ணுக்கு அரசாங்கம் யோசிக்கக் கற்றுத்தருமா? இது அவமானம்.’ சரிதான். ஆனால் கலிஃபோர்னியாவில் துப்பாக்கி வாங்க 10 நாள் காத்திருக்க வேண்டும். அங்கே அதே ஆட்கள், ‘பத்து நாள் பொறுத்தால் என்ன குடி முழுகிவிடும்?’ என்கிறார்கள். டெக்ஸஸிலோ துப்பாக்கி வாங்கக் காத்திருப்புக் காலமே கிடையாது. ஆக, காத்திருக்கச் சொல்வது அவமானமா, பொறுப்பா என்பது கவுன்டரில் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இன்னொரு உத்தியும் இரண்டு பக்கமும் உண்டு. உரிமையைக் காகிதத்தில் விட்டுவிட்டு, அதற்குப் போகும் வழியை அடைப்பது. 2013ல் டெக்ஸஸ், கருக்கலைப்பு செய்யும் டாக்டருக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் நோயாளியைச் சேர்க்கும் உரிமை இருக்க வேண்டும், கிளினிக்குகள் அறுவை சிகிச்சை மையத்துக்குரிய கட்டட வசதியோடு இருக்க வேண்டும் என்றது. பாதி கிளினிக்குகள் மூடின. 2016ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நியூயார்க்கில் நூறு வருஷத்துக்கும் மேலாக வேறொரு கதை. வெளியே துப்பாக்கி எடுத்துப்போக ‘தக்க காரணம்’ காட்டணும். எது தக்கது? அதிகாரி நினைப்பதுதான். அடைத்த கதவு வேறு, பூட்டு ஒரே கம்பெனி.

இந்த ஜோடிகள் இயற்கையாக அமைந்தவையா என்றால் அதுவும் இல்லை. 1967ல் கலிஃபோர்னியா கவர்னர் ஒருவர் கருக்கலைப்பு விதிகளைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே ஆண்டு, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைத் தடை செய்யும் சட்டத்திலும் போட்டார். அவர் பெயர் ரொனால்ட் ரேகன். இரண்டாவது சட்டத்துக்குக் காரணம், ‘பிளாக் பாந்தர்’ இயக்கத்துக் கறுப்பின இளைஞர்கள் துப்பாக்கியோடு போலீஸைக் கண்காணித்தது. தேசிய ரைஃபிள் சங்கமே அதை ஆதரித்தது. யார் கையில் துப்பாக்கி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சுதந்திரம் எவ்வளவு என்று முடிவாகியிருக்கிறது.

2022 ஜூன் 23, 24. அடுத்தடுத்த நாட்களில் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. முதல் நாள் ‘ப்ரூயென்’ வழக்கு: நியூயார்க்கின் அந்தத் ‘தக்க காரணம்’ செல்லாது. மறுநாள் ‘டாப்ஸ்’ வழக்கு: 1973ன் ‘ரோ’ தீர்ப்பு செல்லாது, கருக்கலைப்பை மாநில மக்கள் பிரதிநிதிகளே முடிவு செய்யட்டும். முந்தின நாள் நியூயார்க் மக்கள் பிரதிநிதிகள் எங்கே போனார்கள் என்று கேட்கக் கூடாது! நீதிமன்றத்திடம் ஒரு பதில் உண்டு. ஆயுதம் அரசியல் சாசனத்தின் 2வது திருத்தத்தில் எழுதியிருக்கிறது, கருக்கலைப்பு எங்கேயும் இல்லை. நேர்மையான வாதம்தான். ஆனால் அதே 1791ல் நிறைவேறிய 9வது திருத்தம், சில உரிமைகளைப் பட்டியல் போட்டதாலேயே மற்றவை மக்களுக்கு இல்லை என்று பொருள்கொள்ளக் கூடாது என்கிறது. அதை யாரும் டீ ஷர்ட்டில் அச்சடிப்பதில்லை.

இனி இரண்டு பக்கத்தின் பலமான வாதத்துக்கு வருவோம். ‘கரு இன்னொரு உயிர். அதனால் இது தனிமனித சுதந்திரமே இல்லை’ என்கிறது ஒரு பக்கம். ‘துப்பாக்கி இன்னொரு உயிரை எடுக்கும். அதனால் இது தனிமனித சுதந்திரமே இல்லை’ என்கிறது இன்னொரு பக்கம். கவனியுங்கள், இரண்டும் ஒரே வாக்கியம்.

அப்படியென்றால் அந்த வாக்கியத்துக்கு விசுவாசமாக இருங்கள். உயிர்தான் முக்கியம் என்பவரே, வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் சட்டத்தைக்கூட ஏன் எதிர்க்கிறீர்கள்? உடல் அவரவர் சொத்து என்பவரே, 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேல் தற்கொலை. அங்கே ‘இன்னொரு உயிர்’ வாதம் நிற்காது. நீங்கள் சொல்வது, ஒரு பலவீனமான நிமிஷத்திலிருந்து மனிதரைக் காப்பாற்றணும் என்பது. நானும் ஒத்துக்கொள்கிறேன். பத்து நாள் தாமதத்தால் துப்பாக்கி வாங்குபவருக்குப் பெரும்பாலும் நஷ்டமில்லை, கர்ப்பத்தில் ஒவ்வொரு நாளும் கணக்கு. இது நியாயமான வேறுபாடு. ஆனால் அதை வேறுபாடாகச் சொல்லி வாதாடுங்கள். காத்திருக்கச் சொல்வதே அவமானம் என்று ஓரிடத்தில் கொள்கை பேசிவிட்டு, இன்னோரிடத்தில் அந்தக் கொள்கையைச் செருப்பு மாதிரி வாசலில் விடாதீர்கள்.

நான் எங்கே நிற்கிறேன்? ஒருவர் உயிரைக் காக்க இன்னொருவர் உடலை அரசாங்கம் கட்டாயமாக எடுக்க முடியாது. 1978ல் பென்சில்வேனியாவில், எலும்பு மஜ்ஜை கிடைக்காவிட்டால் சாகப்போகிற ஒருவருக்கு அவருடைய உறவினரைத் தானம் தரச் சொல்லி உத்தரவிட நீதிமன்றம் மறுத்தது. மறுத்தது ஒழுக்கப்படி தப்பு என்று கருதிய நீதிபதியே, சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது என்றார். நோயாளி இறந்துபோனார். கசப்பான விதி. ஆனாலும் அந்த விதியைக் கர்ப்பிணிக்கு மட்டும் நிறுத்தி வைக்க முடியாது.

அதற்கு நான் கொடுக்கும் விலை: எனக்குத் துப்பாக்கியைக் கண்டாலே பிடிக்காது. ஆனால் குற்றப் பின்னணி இல்லாத ஒருவர் தன் வீட்டில் ஒன்று வைத்திருப்பதை, ‘உனக்கு எதுக்குய்யா இது’ என்பதைத் தாண்டி என்னால் தடுக்க முடியாது. தெருவுக்கு எடுத்து வந்தால், விற்றால், கைமாற்றினால், அப்போது அந்நியர்கள் உள்ளே வருகிறார்கள், சட்டமும் வரலாம். நமக்குப் பிடிக்காத ஒரு சுதந்திரத்தையாவது தாங்கிக்கொள்ளாதவரை, நாம் பேசுவது நம் விருப்பத்தைப் பற்றித்தான்.

இப்படி நடப்பவர்கள் இல்லாமல் இல்லை. அந்த டெக்ஸஸ் கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனு கொடுத்தவர்களில் ‘ஃபயர்ஆர்ம்ஸ் பாலிசி கொயலிஷன்’ என்ற துப்பாக்கி உரிமை அமைப்பும் ஒன்று. இன்று கருக்கலைப்பு, நாளை இதே பொறி எங்கள் மேல் என்பது அவர்கள் வாதம். 2022 ஜூலையில் கலிஃபோர்னியா அதே அச்சில், அதே 10,000 டாலரோடு, துப்பாக்கிகளுக்கு எதிராக ஒரு சட்டம் போட்டது. கான்சாஸ், லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கி எடுத்துச் செல்ல 2015லேயே அனுமதித்த மாநிலம். அங்கே 2022 ஆகஸ்டில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்திலிருந்து நீக்கும் திருத்தத்தை ஏறக்குறைய 59 சதவீதம் பேர் தோற்கடித்தார்கள். ‘அரசாங்கம் தள்ளி நிக்கட்டும்’ என்பதை அங்கே பலர் முழுசாகவே சொல்லியிருக்கிறார்கள்.

இது பட்டிமன்றத் தலைப்பு இல்லை. டெக்ஸஸில் இன்று கருக்கலைப்பு செய்யும் டாக்டருக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு உண்டு. எவ்வளவு ஆபத்து என்பதில்தான் டாக்டர்கள் கை நடுங்குகிறது. சிகிச்சை கிடைக்காமல் தவித்த பெண்கள் 2023ல் வழக்குப் போட்டார்கள். 2024 மேயில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே நின்றது. எனக்குத் தெரிந்த தமிழ் ஜோடிகள், பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்கும் முன்பே, சிக்கல் வந்தால் எந்த மாநிலத்துக்கு ஓடுவது என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். விசாவில் இருக்கும் அவர்களுக்கு ஓட்டும் இல்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது மேடையில் ‘சுதந்திரம்’ என்றால், கை தட்டுவதற்கு முன் அந்த வாக்கியத்தில் ‘துப்பாக்கி’யை எடுத்துவிட்டு ‘கர்ப்பம்’ என்று போட்டுப் பாருங்கள். ‘கர்ப்பம்’ இருந்தால் ‘துப்பாக்கி’. உடனே அவர் இது வேற விஷயம் என்பார். வேறயாகவே இருக்கலாம். எப்படி வேற என்று அவர் சொல்லி முடிக்கட்டும். கை தட்டுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.