பிளாக்கில் பொறித்த எண்

1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு பழைய பென்ட்லி காரைப் பற்றி வழக்கு நடந்தது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர்பெற்ற ஸ்பீட் சிக்ஸ் மாடல் அது. 1929, 1930 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற வண்டி. அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பிறகு பின்வாங்கினார்கள். லே மானில் ஓடிய கார் வேறு, இது வேறு என்பது அவர்கள் கட்சி.

அந்த வாதத்தில் வலு இருந்தது. 1930-ல் வென்ற காரிலிருந்து எஞ்சியவை என்று நீதிமன்றத்தில் தேறியவை பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் வெளிக்கூடு, ஸ்டீயரிங் தண்டு, அவ்வளவுதான். சேஸிஸ் மாறியிருந்தது. ஆறரை லிட்டர் இன்ஜின் இருந்த இடத்தில் எட்டு லிட்டர் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. 1932-ல் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தின் சரிவைத் தாண்டிப் பறந்து கிளைவ் டன்ஃபீ உயிரிழந்ததும் இந்தக் காரில்தான். அதன்பின் மறுபடியும் கட்டி எழுப்பினார்கள். இத்தனைக்கும் பிறகு நீதிபதி ஆட்டன், விற்றவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். பாகங்கள் மாறினாலும் வண்டியின் வாழ்க்கை அறுபடவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறொரு பென்ட்லி உலகத்தில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

பந்தயக் காருக்கு இது நியாயமான தீர்ப்பு. பருவத்துக்குப் பருவம் பிரித்துக் கட்டுவதுதான் அந்த வண்டியின் பிழைப்பு. ஆனால் ஆலையிலிருந்து ஷோரூமுக்கும் அங்கிருந்து ஒரு வீட்டுக்கும் போன சாதாரண காருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் மதிப்பு, பிறந்தபோது இருந்த இன்ஜினும் பாகங்களும் இன்றும் அதனிடம் இருக்கின்றனவா என்ற கேள்வியில்தான் நிற்கிறது.

அந்தக் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதற்கு 1969-ம் ஆண்டு ஷெவர்லே கமாரோ இசட்/28 நல்ல உதாரணம். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் ஐந்து லிட்டருக்கு மேல் இன்ஜின் கூடாது என்ற விதிக்காக ஷெவர்லே 302 கன அங்குல வி8 ஒன்றைத் தயாரித்தது. 1967-ல் 602 கார்கள் மட்டுமே வந்தன, 1969-ல் 20,302. இன்று விலை போகும் இந்த வண்டியின் அடையாள எண்ணைப் படித்தால் வி8 கமாரோ, கூபே, 1969, எந்த ஆலை, வரிசை எண் என்ற அளவில் தகவல் முடிந்துவிடும். இசட்/28 என்று அந்த எண் எங்கும் சொல்லாது. ஆகவே சாட்சி சொல்ல வேண்டியது இன்ஜின்.

பிளாக்கின் முன்புறம், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், இரண்டு விரல் அகலத்துக்கு மழமழப்பான ஓர் இடம் இருக்கும். அங்கே இரண்டு வரி பொறித்திருக்கும். ஒன்று, இன்ஜின் பூட்டிய விவரம்: ‘வி’ என்றால் மிச்சிகனின் ஃபிளிண்ட் ஆலை, 0315 என்றால் மார்ச் 15, கடைசியில் வரும் ‘டிஇசட்’ 1969-ன் 302-க்கு உரிய குறி. மற்றொன்று, காரின் அடையாள எண்ணின் சுருக்கம். பிளாக்கின் பின்பக்க விளிம்பில் வார்ப்புத் தேதி தனியாகப் புடைத்து நிற்கும். ‘சி 3 9’ என்றிருந்தால் 1969 மார்ச் 3. பாடியில் உள்ள தகட்டில் ‘03டி’ என்றால் கார் மார்ச் நான்காம் வாரத்தில் உருவானது. வார்த்தது 3-ம் தேதி, பூட்டியது 15-ம் தேதி, வண்டியில் ஏறியது மாதக் கடைசியில். கணக்கு இந்த வரிசையில் ஓட வேண்டும். கார் வெளிவந்த பிறகு வார்த்த பிளாக் அதற்குள் இருந்தால், மேலே என்ன எண் பொறித்திருந்தாலும் அது பின்னால் வந்த இன்ஜின்.

மோசடி நுழையும் வழியும் இங்கேதான். 3970010 என்ற வார்ப்பு எண் கொண்ட பிளாக் 1969-ல் 302-க்கும் பயன்பட்டது. அதே எண் 1970-களில் சாதாரண 350 இன்ஜின்களிலும், பிக்அப் வண்டிகளிலும்கூட வந்தது. பிக்அப்பிலிருந்து கழற்றிய பிளாக்கில் பழைய எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, ‘டிஇசட்’ என்று பஞ்ச் அடித்து விற்பவர்கள் உண்டு. வாங்குகிறவர் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவார்.

அனுபவப்பட்டவர்கள் எழுத்தைப் படிக்கும் முன் அதன் அடியில் உள்ள இரும்பைப் படிக்கிறார்கள். ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தைச் செதுக்கிய ‘புரோச்’ கருவி, முன்னிருந்து பின்னாக மயிரிழை போன்ற நேர்கோடுகளை அந்த இடத்திலும் விட்டுச் செல்கிறது. எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் விழுந்திருக்க வேண்டும். கோடுகளே இல்லாமல் கண்ணாடிபோல் பளபளத்தாலோ, கோடுகள் வட்டமாகவோ குறுக்காகவோ ஓடினாலோ சந்தேகப்பட வேண்டியதுதான். எழுத்தின் வடிவம், ஆழம், வரிசை எல்லாம் அதே மாதத்தில் வந்த மற்ற இன்ஜின்களோடு ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1974-ல் தொடங்கிய தேசிய கார்வெட் மறுசீரமைப்பாளர் சங்கம் இந்த ஒப்பீட்டை ஒரு கல்வித்துறையாகவே வளர்த்திருக்கிறது.

இதில் நேர்மையானவருக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்த இடம் ஹெட் உட்காரும் தளத்தின் தொடர்ச்சி. ஹெட் கேஸ்கெட் கசிகிறது என்று பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பி மேல்தளத்தைச் சீவினால், எண்ணும் சேர்ந்து போய்விடும். பிறந்த இன்ஜினே வண்டியில் இருந்தும் அதற்குச் சாட்சி இல்லாமல் போன கார்கள் இப்படித்தான் உண்டாகின்றன.

பிரிட்டிஷ் கார்களில் வேலை கொஞ்சம் சுலபம், ஏனென்றால் தாள் பேசும். ஜாகுவார் இ-டைப்பில் சேஸிஸ், இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் நான்கின் எண்களும் ஒரே தகட்டில் வரிசையாக இருக்கும். இன்ஜின் எண் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலே ஒருமுறையும், ஹெட்டின் முன்பகுதியில் இன்னொரு முறையும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஹெட்டோ பிளாக்கோ மாறியிருக்கிறது. தகட்டையே புதிதாக அடித்து ஒட்டலாமே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. ஆலைப் பதிவேடுகளைக் காத்துவரும் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட், அவற்றைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. தகடு ஒன்றும் பதிவேடு வேறொன்றும் சொன்னால் நம்ப வேண்டியது பதிவேட்டைத்தான்.

இன்ஜினோடு தேடல் முடிவதில்லை. லூகாஸ் நிறுவனத்தின் டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றின் உடம்பில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ‘4 63’ என்றால் 1963 ஏப்ரல். எஸ்யூ கார்புரேட்டரின் மூடித் திருகில் சிறிய தகடு ஒன்று தொங்கும். எந்தக் காருக்கான கார்புரேட்டர் என்பதை அதில் உள்ள எண் சொல்லிவிடும். பழைய மெக்கானிக்குகள் அந்தத் தகட்டை இடைஞ்சலாக நினைத்துக் கழற்றி எறிந்ததால், இன்று தகட்டோடு கிடைக்கும் கார்புரேட்டருக்குத் தனி மரியாதை. இவையெல்லாம் காரின் தேதிக்குச் சில வாரங்களோ மாதங்களோ முந்தியிருப்பது இயல்பு. எல்லாமே ஒரே நாள் கச்சிதத்தில் பொருந்தி, புத்தம் புதிதாக மின்னினால் கவனமாக இருக்க வேண்டும். தேதி பொறித்த நகல் தகடுகள் வெளிநாட்டுச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

பழைய காரைக் காப்பாற்றுவதில் பெரும் சேதம் செய்வது மோசடிக்காரர்களைவிட அளவுக்கு மீறிய ஆசை என்றே சொல்ல வேண்டும். உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் கையில் இருந்தால் எதையும் பளபளப்பாக்கத் தோன்றும். எண் பொறித்த இடத்தில் அவை படவே கூடாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீஸைத் துடைத்தால் போதும். 1966-ல் உருவான பழைய வாகனங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவாவும், தன் டூரின் சாசனத்தில், புதிதாக்குவதைவிட உள்ளதைக் காப்பதற்கே முதலிடம் தருகிறது.

இந்தியாவில் இந்த விஷயம் இப்போது சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை விண்டேஜ் என்று பதிவுசெய்ய வழி செய்கின்றன. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். நிபந்தனை முக்கியமானது: சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். பெட்ரோல் விலைக்கு அஞ்சி டீசல் இன்ஜின் ஏற்றிய அம்பாசிடர்களும் ஜீப்புகளும் தமிழ்நாட்டில் ஏராளம். அன்று கழற்றிய பெட்ரோல் இன்ஜினை வீட்டுக் கொட்டகையில் போட்டுவைத்தவர்கள் இன்று பாக்கியசாலிகள்.

வீட்டில் தாத்தா காலத்து வண்டி நிற்கிறதா? ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் இருப்பதோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேஸிஸ் எண்ணுக்குப் பென்சில் பிரிண்ட் எடுப்பதுபோலவே இன்ஜின் எண்ணுக்கும் எடுத்து, தேதி எழுதி, புகைப்படத்தோடு வையுங்கள். பிளாக்கைப் பட்டறைக்கு அனுப்பும்போது எண் இருக்கும் இடத்தைச் சீவக் கூடாது என்று வாயால் சொன்னால் போதாது, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய கார்புரேட்டர், டைனமோ எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணெய் தடவிப் பெட்டியில் போட்டு, அந்தக் காருடனேயே வையுங்கள்.