பேட் வந்தாச்சு, பேச்சு வரலையே!

எங்கள் அம்பூரி, பாறசாலை பக்கத்தில் பல குடும்பங்களில் இது சகஜம். அக்கா மகள் கேரளப் பள்ளியில் படிப்பாள், அண்ணன் மகள் களியக்காவிளை தாண்டி குமரி மாவட்டத்தில் படிப்பாள். பிள்ளைகளுக்கு அரசாங்கம்தான் வேறே தவிர, மாதவிலக்கு என்று வந்தால் இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சுதான்: "மெதுவா பேசு, ஆம்பிளைங்க இருக்காங்க!"

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு 2011-12இல் 'புதுயுகம்' திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுக்க ஆரம்பித்தது. கேரளம் 2017இல் 'ஷீ பேட்' கொண்டுவந்தது. நாப்கினோடு அதை வைக்க அலமாரி, பயன்படுத்தியதை எரிக்க ஒரு இயந்திரம் எல்லாம் அதில் உண்டு. 2018 ஜூலையில் நாப்கின் மீதான 12 சதவீத ஜி.எஸ்.டி.யும் நீங்கியது. மலிவு நாப்கின் இயந்திரம் செய்த நம்ம கோவை முருகானந்தத்துக்கு 2016இல் பத்மஸ்ரீயே கிடைத்தது.

சரி, பிரச்சனை தீர்ந்ததா?

2025 ஏப்ரலில் அதே கோவை மாவட்டத்தில், கிணத்துக்கடவு அருகே ஒரு தனியார் பள்ளியில் என்ன நடந்தது? பெரியவளான எட்டாம் வகுப்புப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுத வைத்தார்கள். வீடியோ வெளியே வந்து நாடே பார்த்த பிறகு தலைமையாசிரியரை சஸ்பெண்ட் செய்தார்கள். எத்தனை பாக்கெட் நாப்கின் கொடுத்தாலும் இந்த மாதிரி அவமானத்தைத் துடைக்க முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் நாம் மட்டும் ரொம்ப ஒழுங்கா? பெண் பெரியவளானால் ஹால் பிடிக்கிறோம், பட்டுப் புடவை, சீர்வரிசை, ஆல்பம் எல்லாம் அமர்க்களம். ஆனால் அந்த நாள் வருவதற்கு முன்னால், "உனக்கு இப்படி ரத்தம் வரும், பயப்படாதே, இது நோய் இல்லை" என்று எத்தனை வீட்டில் சொன்னோம்? பத்து வயதிலேயே வரலாம், சிலருக்கு அதற்கும் முன்னால். அதனால் எட்டு, ஒன்பது வயதிலேயே சொல்லிவிட வேண்டும். அம்மா மட்டும் இல்லை, அப்பாவும் சொல்லலாம். பையன்களையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். நாளைக்கு வகுப்பில் கறையைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பான்.

சொல்ல வேண்டியது அதிகமில்லை. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்றணும், மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவணும். துணி என்றால் சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயப்போடணும். கட்டில் அடியில் ஒளித்து உலர்த்தக் கூடாது. நாப்கினைப் பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடணும், கக்கூஸில் போட்டால் அடைத்துக்கொள்ளும். வலி தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் போகலாம், அதில் வெட்கமே வேண்டாம்.

இன்னொன்று. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவர்கள் என்று நாம் பணம் அனுப்புகிறோம். அது நுழைவாயில் வளைவாகவும், நம் பெயர் பொறித்த கல்வெட்டாகவும் ஆகிறது. கக்கூஸில் தண்ணீர் வராது, கதவு சாத்தாது என்பதால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வரும். அந்த நாட்களில் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவதும் உண்டு.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால் ஹெட்மாஸ்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பெண்பிள்ளைகள் கக்கூஸில் தாழ்ப்பாள் இருக்கா? குழாயில் தண்ணீர் வருதா? மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கா? இல்லை என்றால் செக்கை அதற்கு எழுதுங்கள். கல்வெட்டு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.